'தமிழ்' என்ற சொல்லுக்கு எழுத்து மூன்றா, ஐந்தா?

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். விரலை மடக்கி, "த, மி, ழ். மூன்று!" என்று பட்டென்று சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரைக் கேளுங்கள். "ஐந்து" என்கிறது!

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லுவதற்கென்று பல மொழிகள் இருக்கின்றன. "பைத்தான்" என்பது அவற்றில் ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் விஞ்ஞானிகள் வரை அதில் எழுதுகிறார்கள். ஒரு சொல்லின் நீளத்தை அளந்து சொல்ல அதில் "லென்" என்று ஒரு கட்டளை உண்டு. அதனிடம் "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால், கொஞ்சமும் தயங்காமல் 5 என்று பதில் வருகிறது. பைத்தானின் பழைய பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், 15 என்று சொல்லிக்கொண்டிருந்தது!

மூன்று எப்படி ஐந்தாயிற்று? எப்படிப் பதினைந்தாயிற்று? வேடிக்கைக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் பைத்தானில் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று எழுதிப் பார்க்க உட்காருகிறவர், முதல் நாளே இந்தச் சுவரில் முட்டிக்கொள்ளுகிறார். "நமக்கு இந்த வித்தை வராது" என்று எழுந்து போய்விடுகிறவரும் உண்டு. அவரிடம் தப்பு இல்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், அது தொல்காப்பியம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது!

முப்பது வரி விளையாட்டு

விளையாட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். வகுப்பில் வாத்தியார் வராத நேரத்தில், கரும்பலகையில் ஒரு சொல்லுக்குப் பதிலாக வெறும் கோடுகளைப் போடுவார்கள். எதிராளி ஓர் எழுத்தைச் சொல்ல வேண்டும். அந்த எழுத்து சொல்லில் இருந்தால், அதற்குரிய கோட்டின் மேல் எழுதுவார்கள். இல்லாவிட்டால் ஒரு தப்பு. ஆறு தப்புக்குள் சொல்லைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

இதையே கம்ப்யூட்டரைச் செய்ய வைப்பதற்கு இருபது, முப்பது வரி எழுதினால் போதும். அதனால்தான் பைத்தான் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே இந்த விளையாட்டைப் பாடமாகக் கொடுக்கிறார்கள்.

பைத்தான் என்றவுடன் மலைப்பாம்பை நினைக்க வேண்டாம். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம் என்பவர், 1989-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய மொழி இது. 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். "மான்டி பைத்தான்" என்ற பிரிட்டிஷ் டெலிவிஷன் நகைச்சுவைக் குழுவின் பெயரை, ஆசைப்பட்டு இதற்கு வைத்தார். பாம்பு படம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த மொழியில் எழுதிய விளையாட்டு முதல் தடவையிலேயே சரியாக ஓடிவிடுமா? ஓடாது. அநேகமாக ஒருவருக்கும் ஓடியதில்லை. எங்கோ ஒரு பூச்சி புகுந்திருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான பாடம்.

விட்டில் பூச்சி

பிழைக்குப் "பூச்சி" என்ற பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்லுவார்கள். 1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் "மார்க் 2" என்ற பிரம்மாண்டமான கணக்கு எந்திரம் கோளாறு செய்தது. திறந்து பார்த்தார்கள். ஒரு ரிலேக்குள் விட்டில் பூச்சி ஒன்று செத்துக் கிடந்தது. அதை எடுத்து, நாட்குறிப்புப் புத்தகத்தில் பசை நாடா போட்டு ஒட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் பூச்சியோடு இன்றைக்கும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது.

கதை உண்மை. ஆனால் பெயர் அங்கேதான் பிறந்தது என்பது உண்மை அல்ல. அதற்கு ஏறக்குறைய எழுபது வருஷம் முன்பே, 1878-ல், தாமஸ் ஆல்வா எடிசன் தம் கடிதம் ஒன்றில், கண்டுபிடிப்புகளில் தலைகாட்டும் சின்னஞ்சிறு கோளாறுகளைப் "பூச்சி" என்றே எழுதியிருக்கிறார்.

மார்க் 2-ல் கிடைத்த பூச்சிக்கு ஒரு பெருமை உண்டு. அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பைத்தான் விளையாட்டில் புகும் பூச்சி அப்படிக் கண்ணில் படாது.

ஆறாவது கோடு

முதலில் ஆங்கிலச் சொற்களையே வைத்து விளையாட்டு எழுதியதாக வைத்துக்கொள்ளுவோம். சொற்களை ஒரு பட்டியலாக, வரிக்கு ஒன்றாக, தனியே ஒரு கோப்பில் எழுதியாயிற்று. விளையாட்டு அதிலிருந்து ஒரு சொல்லை எடுக்கிறது. "மேங்கோ" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து: எம், ஏ, என், ஜி, ஓ.

திரையில் ஆறு கோடுகள் தோன்றுகின்றன!

ஐந்து எழுத்தையும் சரியாகச் சொல்லியாகிவிட்டது. ஆறாவது கோடு அப்படியே நிற்கிறது. ஏ முதல் இசட் வரை எதைத் தட்டினாலும் அது நிரம்ப மாட்டேன் என்கிறது. ஆறு தப்பும் முடிந்து, "தோற்றுவிட்டீர்கள்" என்று வருகிறது.

என்ன மாயம்? ஒவ்வொரு வரியின் முடிவிலும், அடுத்த வரிக்குப் போவதற்காக "என்டர்" தட்டினார்கள் அல்லவா? அதுவும் கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்துத்தான். கண்ணுக்குத் தெரியாத எழுத்து! பட்டியலைப் படிக்கும்போது பைத்தான் அதையும் சேர்த்தே எடுத்துவந்துவிட்டது. இதிலே இன்னொரு கூத்து. பட்டியலின் கடைசிச் சொல்லுக்குப் பிறகு என்டர் தட்டாமல் விட்டிருந்தால், அந்த ஒரு சொல் மட்டும் ஒழுங்காக ஓடும். "இப்போது ஓடியதே, அப்போது ஏன் ஓடவில்லை?" என்று எழுதியவர் தலையைப் பிய்த்துக்கொள்ளுவார்.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. சொல்லைச் சும்மா திரையில் காட்டச் சொன்னால் "மேங்கோ" என்றுதான் தெரியும். "ரெப்ர்" என்ற கட்டளையோடு காட்டச் சொல்ல வேண்டும். அப்போது பைத்தான், தான் உள்ளே வைத்திருப்பதை ஒளிக்காமல் மேற்கோள் குறிக்குள் போட்டுக் காட்டும். சொல்லின் வாலில் ஒரு பின்சாய்கோடும் "என்" என்ற ஆங்கில எழுத்தும் தொங்கும். அதுதான் அந்த என்டர். "ஸ்ட்ரிப்" என்ற கட்டளை அந்த வாலை நறுக்கிவிடும்.

தப்பாகச் சொன்னாலும் கோடு நிரம்புகிறது!

அடுத்த பூச்சி இன்னும் சாமர்த்தியசாலி.

மறைந்திருக்கும் சொல் "ஆப்பிள்". எழுத்துகள் ஏ, பி, பி, எல், ஈ. விளையாடுகிறவர் "பி" தட்டுகிறார். இரண்டு கோடு நிரம்ப வேண்டும். ஒன்றுதான் நிரம்புகிறது. எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட "ஃபைண்ட்" என்ற கட்டளையை எழுதியதால் வந்த வினை இது. அது முதல் இடத்தைக் கண்டதும், வேலை முடிந்தது என்று திரும்பிவிடும். இரண்டாவது "பி" அதன் கண்ணில் படாது.

சரி, சொல்லில் இல்லாத "இசட்" தட்டினால்? கடைசிக் கோட்டின் மேல் "இசட்" வந்து உட்காருகிறது!

பேய் பிசாசு வேலை ஒன்றும் இல்லை. தேடிய எழுத்து கிடைக்காவிட்டால், "ஃபைண்ட்" கட்டளை "இல்லை" என்று சொல்லுவதற்கு அடையாளமாக –1 என்ற எண்ணைக் கொடுக்கிறது. அதே பைத்தானில், ஒரு வரிசையின் –1-வது இடம் என்றால் "கடைசி இடம்" என்று பொருள். ஒரு கை "இல்லை" என்று நீட்டிய எண்ணை, இன்னொரு கை "கடைசி இடம்" என்று வாங்கிக்கொண்டது. இரண்டும் தன் தன் சட்டப்படி சரியாகவே நடந்துகொண்டன. எந்த எச்சரிக்கையும் வராது. எழுதியவர்தான் நடுவில், "கிடைத்ததா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

இரட்டை எழுத்து என்பது இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் பரம்பரைத் தொல்லை. அமெரிக்காவில் ஜோஷ் வார்டில் என்பவர் தம் துணைவிக்காக எழுதிய "வேர்டில்" என்ற ஐந்தெழுத்து விளையாட்டு 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வந்தது. நவம்பர் 1-ந் தேதி அதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதம் கழித்து 3 லட்சம் பேருக்கு மேல்! 2022 ஜனவரி கடைசியில் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை அதை விலைக்கு வாங்கிவிட்டது. அதைப் பார்த்துத் தாமும் ஒன்று பைத்தானில் எழுதிப் பார்க்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடமும் இதுவே. மறைந்த சொல்லில் இரண்டு "பி" இருக்கும்போது, மூன்று "பி" உள்ள சொல்லைத் தட்டினால், இரண்டுக்குத்தான் வர்ணம் பூச வேண்டும். அவசரத்தில் எழுதினால் மூன்றுக்கும் பூசிவிடும்.

இன்னும் சில சில்லறைப் பூச்சிகள் இருக்கின்றன. எதையும் தட்டாமல் வெறும் என்டரைத் தட்டினால், "சரியான எழுத்து!" என்று பாராட்டும். ஏனென்றால் எந்தச் சொல்லுக்குள்ளும் "ஒன்றுமில்லாதது" இருக்கிறது என்பது பைத்தானின் வேதாந்தம். "மறுபடி ஆடலாமா?" என்று கேட்டுவிட்டு, "வேண்டாம்" என்றாலும் விடாமல் ஆட வைக்கும். பதில் சின்ன "ஒய்" அல்லது பெரிய "ஒய்" என்று எழுதும்போது, "பதில்" என்ற சொல்லை இரண்டாவது தடவை எழுத மறந்ததன் பலன் அது. "அல்லது" என்பதற்குப் பிறகு தனியே நிற்கும் பெரிய "ஒய்" எப்போதும் உண்மைதான் என்று பைத்தான் எடுத்துக்கொள்ளுகிறது.

பத்துச் சொல் உள்ள பட்டியலில், 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடு என்று எழுதிவிடுவார்கள். இடங்களோ 0 முதல் 9 வரைதான். குலுக்கலில் 10 வந்தால் விளையாட்டு பாதியில் நின்றுபோகும். சராசரியாகப் பதினொரு தடவைக்கு ஒரு தடவைதான் இப்படி நடக்கும் என்பதால், வீட்டில் ஓடியது வகுப்பில் எல்லார் முன்னாலும் விழுந்துவிடும். ஆனாலும் இப்படி விழுவது நல்ல பூச்சி. விழும்போதே எந்த வரியில், எதனால் விழுந்தோம் என்று பைத்தான் திரையில் எழுதிவிடுகிறது. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். சிவப்பு எழுத்தைக் கண்டதும் பயந்து மூடிவிடுகிறவர்களே அதிகம். பயப்பட வேண்டியது, ஒன்றும் சொல்லாமல் தப்பு விடை கொடுக்கிற பூச்சியைக் கண்டுதான்.

அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை

ஒரு வழியாக எல்லாம் சரியாயிற்று. விளையாட்டு ஜம்மென்று ஓடுகிறது. இப்போது ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு, பட்டியலில் தமிழ்ச் சொற்களை எழுதுகிறார்கள். அம்மா, யானை, மரம், தமிழ். வேறு ஒன்றையும் தொடவில்லை.

"அம்மா"வுக்கு ஐந்து கோடு வருகிறது. இரண்டே எழுத்துள்ள "யானை"க்கு நான்கு கோடு!

போகட்டும் என்று "மா" தட்டினால், "ஓர் எழுத்து மட்டும் தட்டுங்கள்" என்று திட்டுகிறது. தட்டியது ஓர் எழுத்துத்தானே? விளையாட்டில், தட்டியதன் நீளம் 1 ஆக இருக்கிறதா என்று பார்க்க ஒரு காவல் போட்டிருந்தார்கள். "மா"வின் நீளம் 2 என்று பைத்தான் சொல்லுகிறது. சரி, அந்தக் காவலை எடுத்துவிட்டால்? அடுத்த காவல் தடுக்கிறது. எண், புள்ளி, கேள்விக்குறி போன்றவற்றை விலக்குவதற்காக, "இது எழுத்துத்தானா?" என்று "இஸ்ஆல்ஃபா" என்ற கட்டளை கேட்கிறது. "மா" எழுத்து அல்ல என்று அது தீர்ப்புச் சொல்லுகிறது! "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்துக் கேட்டாலும், முழுதும் எழுத்தால் ஆனது அல்ல என்றே சொல்லுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழுக்கு எழுத்து 247. இந்த இரண்டு காவலையும் தாண்டி உள்ளே போகக்கூடியவை எவை? உயிர் 12, ஆய்தம் 1, க முதல் ன வரை அகரம் ஏறிய உயிர்மெய் 18. ஆக 31. மற்ற 216 எழுத்துக்கும் வாசலிலேயே தடை! (உயிர்மெய்யின் மொத்தக் கணக்கும் 216 என்பது ஞாபகம் வரும். இது அந்த 216 அல்ல. இதில் மெய் 18, மற்ற உயிர்மெய் 198.) "பல", "வர", "நட" போன்ற சில சொற்களைத் தவிர, வேறு எதையும் இந்த விளையாட்டில் ஜெயிக்க முடியாது.

உள்ளே போகிற எழுத்தாவது ஒழுங்காக நடக்கிறதா? "அம்மா" மறைந்திருக்கும்போது "ம" தட்டினால், "சரி!" என்று சொல்லி இரண்டு கோட்டை நிரப்புகிறது. "அம்மா"வில் "ம்" இருக்கிறது, "மா" இருக்கிறது. "ம" எங்கே இருக்கிறது? பாக்கி நிற்கும் கோடுகளில் ஒன்று புள்ளிக்கு, ஒன்று காலுக்கு! தனிப் புள்ளியைத் தட்டினாலும் "எழுத்து அல்ல" என்று தள்ளிவிடும். ஆகவே "அம்மா"வை எந்தப் பிள்ளையாலும் கடைசி வரை கண்டுபிடிக்க முடியாது. "மேங்கோ"வில் ஆறாவது கோடு செய்த அதே வேலை. ஆனால் அது எழுதியவரின் கவனக்குறைவு. இது அப்படி அல்ல.

ஐந்து எண்கள்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். உலகத்தில் உள்ள எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியலுக்கு "யூனிகோடு" என்று பெயர். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றுவிட்டது. தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988-ல் வகுத்திருந்த "இஸ்கி" என்ற முறையை ஒட்டி அந்த இடங்களை அமைத்தார்கள்.

128 இடத்தில் 247 எழுத்து எப்படி அடங்கும்? உயிர் எழுத்துகளுக்குத் தனித்தனி எண். க, ங, ச என்ற அகர வரிசைக்குத் தனித்தனி எண். பிறகு புள்ளி, கால், கொம்பு, சுழி ஆகிய குறிகளுக்குத் தனித்தனி எண். இவற்றைச் சேர்த்து மற்ற எழுத்துகளை உண்டாக்கிக்கொள்ள வேண்டியது.

"தமிழ்" என்ற சொல் கம்ப்யூட்டருக்குள் இப்படி இருக்கிறது: 2980, 2990, 3007, 2996, 3021. த ஒன்று, ம ஒன்று, மேல் சுழி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. ஐந்து எண்! "லென்" எண்ணியது எழுத்தை அல்ல, இந்த எண்களை. இவற்றைச் சேமித்து வைக்கும் வழக்கமான முறையில், தமிழ் எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று "பைட்" இடம் வேண்டும். பழைய பைத்தான் அந்தப் பைட்டுகளை எண்ணிப் பதினைந்து என்றது. 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு 15-ஐ 5 ஆக்கியது. பழைய பதிப்புக்கு ஆதரவு 2020 ஜனவரி 1-ந் தேதியோடு நின்றுவிட்டது. 5 இன்னும் 3 ஆகவில்லை. எல்லா மொழியும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஆப்பிள் கம்பெனியின் "ஸ்விஃப்ட்" என்ற மொழியைக் கேட்டால் 3 என்றே சொல்லும்.

இங்கேதான் இலக்கணம் குறுக்கே வருகிறது. தமிழ் இலக்கணப்படி "ம்" என்பதுதான் மூலம். அதோடு "அ" சேர்ந்தால் "ம". யூனிகோடோ தலைகீழாக, "ம"வை மூலமாக வைத்து, அதோடு புள்ளியைச் சேர்த்து "ம்" என்கிறது. ஒலியைக் கொண்டு பார்த்தால் இது அபத்தம். ஆனால் வடிவத்தைக் கொண்டு பார்த்தால் அவ்வளவு அபத்தம் என்று சொல்ல முடியாது. எழுதும் கை "ம" எழுதிவிட்டுத்தானே புள்ளி வைக்கிறது? மெய் புள்ளி பெறும், புள்ளி நீங்கினால் அகரத்தோடு நிற்கும் என்று தொல்காப்பியமே வடிவத்துக்கு விதி சொல்லியிருக்கிறது. கண்ணுக்கு ஒரு கணக்கு, காதுக்கு ஒரு கணக்கு. யூனிகோடு கண்ணின் பக்கம் சேர்ந்துகொண்டது.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று நெடுநாள் வாதம் நடந்தது. 2010-ல் தமிழக அரசு, யூனிகோடோடு கூட, அப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் "டேஸ் 16" என்ற முறையையும் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் செல்போனிலும் இணையத்திலும் பரவி நிற்பது யூனிகோடுதான். இனி அதை மாற்றுவது நடக்கிற காரியம் அல்ல. விளையாட்டு எழுதுகிறவர்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

ஆறு வரி மருந்து

வழி இருக்கிறது. கஷ்டமானதும் அல்ல. சொல்லில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வந்தது புள்ளி, கால், கொம்பு, சுழி போன்ற குறியாக இருந்தால், அதை முந்திய எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதிய எழுத்து தொடங்குகிறது. இவ்வளவுதான். ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால், "ஓப்பன் தமிழ்" என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. அதில் ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும் கட்டளை ஆயத்தமாக உண்டு.

இப்படிப் பிரித்தால் "அம்மா" என்பது அ, ம், மா என்று மூன்று உருப்படி உள்ள ஒரு பட்டியல் ஆகிவிடுகிறது. கோடு மூன்று. "ம" தட்டினால் "இல்லை" என்று வருகிறது. சொல்லுக்குள் தேடும்போது துண்டு கிடைத்தாலும் போதும் என்று இருந்த பைத்தான், பட்டியலுக்குள் தேடும்போது முழு உருப்படி பொருந்தினால்தான் ஒப்புக்கொள்ளும். இரண்டு பூச்சி ஒரே மருந்தில் தீர்ந்தது! "விகடகவி"யைத் திருப்பிப் படித்தால் வேறு ஏதோ வருகிறது என்று பைத்தான் இதுவரை செய்த தகராறும் இதிலேயே தீர்ந்துவிடும். விளையாடுகிறவர் தட்டுவதையும் இதே மருந்தில் தோய்த்து எடுத்தால், வாசலில் நின்ற காவல்களைத் திருத்திவிடலாம். இனி 247 எழுத்துக்கும் வழி திறந்திருக்கும்.

"க்ஷ" ஓர் எழுத்தா, இரண்டா? அதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

புரோகிராம் சரியானதும் விளையாட்டு கெட்டுப்போகிறது! ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கு ஆறு தப்பு. தமிழில் 247 எழுத்துக்கு அதே ஆறு தப்பு என்றால் யார் ஜெயிக்க முடியும்? இது பூச்சி அல்ல, விதியைத்தான் மாற்ற வேண்டும். உயிரையும் மெய்யையும் தனித்தனியே ஊகிக்கலாம் என்று வைத்தால் கணக்கு சுளுவாகிறது. "ம்" சொன்னால் மகர வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டலாம். "இ" சொன்னால் "மி" முழுதாக வெளிப்படலாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மறுபடியும் 31! 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டில் வகுத்த "தமிழ் 99" விசைப்பலகையும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. "ம" தட்டி "இ" தட்டினால் "மி" வந்துவிடுகிறது.

ஒளியும் ஔவையும்

இத்தனைக்கும் பிறகு, சில சொற்கள் முரண்டு பிடிக்கும். "கொடி" என்று பட்டியலில் இருக்கிறது. விளையாடுகிறவர் "கொ" தட்டுகிறார். "இல்லை" என்கிறது. "கொ" என்பதைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த குறிக்கு ஒரே எண் உண்டு. கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று இரண்டாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. நல்லவேளையாக, இப்படிப் பிரிந்து கிடப்பதை ஒரே வடிவமாக்க "நார்மலைஸ்" என்ற கட்டளை பைத்தானிலேயே இருக்கிறது. பட்டியலையும், தட்டுவதையும் அதன் வழியே அனுப்பிவிட்டால் வம்பு தீர்ந்தது.

தீராத வம்பு ஒன்று உண்டு. "ஔவை" என்பது இரண்டெழுத்து. ஔ, வை. "ஔ"வுக்கு யூனிகோட்டில் தனி எண் இருக்கிறது. ஆனால் விசைப்பலகையில் அது எங்கே என்று தேடிச் சலித்தவர்கள், "ஒ" தட்டி, பக்கத்தில் "ள" தட்டிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அதே போல இருக்கிறது. "ஒளவை" என்று பட்டியலில் ஏறிவிடுகிறது. விளையாட்டில் மூன்று கோடு தோன்றும். "ஔ" தட்டுகிற பிள்ளைக்கு "தப்பு" என்று ஒரு வாய்ப்பு போய்விடும்.

இதை "நார்மலைஸ்" சரி செய்யாது. ஏனென்றால் "ள" என்பது வேறு எழுத்து. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே ஒரு பிழையும் இல்லை. "ஒ"வுக்குப் பக்கத்தில் "ள" வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு "ஔ" போட்டுவிடு என்று கட்டளை எழுதலாமே என்று தோன்றும். எழுதினால் ஔவை வந்துவிடுவார். ஆனால் அதே பட்டியலில் இருக்கும் "ஒளி" கெட்டுப்போகும். அங்கே "ஒ"வும் "ள"வும் நியாயமாகவே பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே, "ள"வுக்குப் பின்னால் புள்ளியோ, காலோ, கொம்போ, சுழியோ இல்லாத இடங்களை மட்டும் பொறுக்கிக் காட்டு என்று கேட்க வேண்டும். காட்டிய சொற்களை ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும்.